வெள்ளைத் தெரு

காஞ்சிபுரத்தில் பெண் கொடுக்கிறவர்கள் ஜாதகம் பார்க்க ஜோசியரிடம் போவார்கள். தெரு பார்க்க உமாபதியிடம் வருவார்கள். சில வருடங்களாகவே இப்படி ஒரு வழக்கம் ஊரில் ஏற்பட்டுப் போயிருந்தது. யார் தொடங்கி வைத்தார்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்த்துவிட்டுத் திரும்பினால் வாசலில் யாராவது செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். காபியைக் குடித்துவிட்டு, மழை, அரிசி விலை என்று சுற்றி வளைத்து, கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

"பையன் வீடு இன்ன தெருவுல இருக்குதுங்க. அந்தத் தெரு எப்படிங்க?"

உமாபதி உடனே வாயைத் திறக்க மாட்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வார். அதெல்லாம் பாவனைதான். ஊர்ப் படம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். இருந்தாலும் வந்தவருக்கு ஒரு திருப்தி வேண்டாமா? பிறகு "தாராளமா பண்ணுங்க" என்பார், அல்லது "வேற இடம் பாருங்களேன்" என்பார். இரண்டாவது பதிலைக் கேட்டவர்கள் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போவார்கள். எத்தனை கல்யாணம் அப்படி அவர் வீட்டு வாசலோடு நின்றுபோனது என்று அவர் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு இருந்தது.

யானைக்கால் நோயை ஒழிப்பதற்கென்று சில வருடங்களுக்காக ஏற்பட்ட ஓர் அலுவலகத்தில் அவர் புள்ளிவிவர உதவியாளர். ஓரிக்கை போகிற சாலையில் ஒரு வாடகைக் கட்டடம். காஞ்சிபுரத்துக்கு அந்த நோயால் இருந்த பெயர் உலகத்துக்கே தெரியும். வெளியூர்க்காரன் இங்கே வந்து கண்ணை மூடிக்கொண்டு பட்டுப் புடவை வாங்குவான். சம்பந்தம் என்றால் மட்டும் முதலில் குனிந்து காலைப் பார்ப்பான். அந்தப் பெயரைத் துடைக்க வந்தவர்களில் தானும் ஒருவன் என்கிற நினைப்பு உமாபதிக்கு நிறையவே இருந்தது.

வேலை இதுதான். கணக்கெடுக்கும் பையன்கள் வீடு வீடாகப் போய், எத்தனை பேர், அதில் கால் வீங்கியவர் எத்தனை பேர் என்று கேட்டு வருவார்கள். நூற்றுக்கு எத்தனை என்று உமாபதி வகுப்பார். வகுத்ததை அப்படியே படத்தில் பூசிவிட முடியாது. ஏழெட்டு வீடே உள்ள சந்தில் இரண்டு பேருக்குக் கால் வீங்கியிருந்தால் கணக்கு எகிறி, ஊரிலேயே மோசமான இடம் அதுதான் என்று ஆகிவிடும். அது தற்செயலாகவும் இருக்கலாம். அதனால் சின்னச் சந்தின் கணக்கைச் சுற்றியுள்ள பெரிய தெருக்களின் கணக்கோடு கலந்து ஒரு சராசரிக்குக் கொண்டுவருவார். மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்திலும் விசாரித்துவிட்டு முடிவு செய்கிற மாதிரி என்று மனைவி பெரியநாயகிக்கு விளக்கியிருக்கிறார். அந்த அம்மாளும் ரொம்பப் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

நோய் மிகுந்த தெரு கருஞ்சிவப்பு, அடுத்தது சிவப்பு, பிறகு ரோஜா நிறம், நோய் இல்லாத தெரு வெள்ளை. சாக்கடைக்குக் கொசு எண்ணெய் தெளிப்பதும் மாத்திரை கொடுப்பதும் கருஞ்சிவப்புக்கும் சிவப்புக்கும்தான். எல்லாத் தெருவுக்கும் கொடுக்கச் சரக்கு வராது. நாலைந்து வருடத்துக்கு ஒரு படமாக இதுவரை மூன்று படங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பார்த்தால் பிள்ளையார்பாளையத்து நெசவுத் தெருக்கள் வர வர வெளுத்துக்கொண்டே வந்தது கண்கூடாகத் தெரியும். எழுபதாம் வருடத்துப் படத்தைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து வந்த மேலதிகாரி அவர் தோளில் தட்டிக் கொடுத்தார். உமாபதி அன்றைக்கு வீட்டுக்கு ஜிலேபி வாங்கிப் போனார்.

பையன்களுக்கு அவர் ஒரு கண்டிப்பான உத்தரவு போட்டிருந்தார். தறியில் இருக்கிறவரை எழுப்பக் கூடாது. அவருடைய அப்பா நெசவுக்காரர். குழித்தறியில் இடுப்பு வரை இறங்கி, கால் இரண்டும் குழிக்குள் மிதிகட்டையில் இருக்க, கை ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது எழுந்தால், திரும்ப உட்கார்ந்து அந்த ஓட்டத்தைப் பிடிப்பது பெரும்பாடு. புடவையில் அந்த இடம் காட்டிக் கொடுத்துவிடும். வந்தவன் எவனானாலும் நின்றபடி பேசிவிட்டுப் போக வேண்டும் என்று பார்த்து வளர்ந்தவர். "அவங்க உட்கார்ந்தபடியே இருக்கட்டும், நீங்க நின்னு கேளுங்கப்பா, மரியாதையா பதில் சொல்லுவாங்க" என்பார். அமாவாசையன்று போகாதீர்கள் என்பதும் அவர் சொன்னதுதான். அன்றைக்குத் தறி ஓடாது, வீட்டில் ஆளும் இருக்காது.

இவ்வளவு தெரிந்த மனிதர் தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடினால் எப்படித் தேடியிருப்பார்? தேவகிக்கு வந்த இடங்களைப் பெரியநாயகி ஜாதகத்தோடு பொருத்தினாள், உமாபதி படத்தோடு பொருத்தினார். வாத்தியார் வேலை பார்க்கும் ஒரு தங்கமான பையனைத் தெரு சிவப்பு என்கிற ஒரே காரணத்தால் திருப்பி அனுப்பினார். கடைசியில் பிள்ளையார்பாளையம் நடுப்பாவடித் தெருவில் கலியாணசுந்தரம் அமைந்தான். கூட்டுறவு சங்கம் ஒன்றில் குமாஸ்தா. அப்பா மாணிக்கவாசகம் நெசவுக்காரர். முதல் படத்தில் ரோஜாவாக இருந்த தெரு, அடுத்த இரண்டிலும் சுத்த வெள்ளை.

உமாபதி அந்த வீட்டுக்கு இரண்டு மூன்று தடவை போயிருந்தார். போகும்போதெல்லாம் மாணிக்கவாசகம் தறியில்தான் இருந்தார். மருமகளுக்குக் கூறைப்புடவை தன் கையாலேயே நெய்வதாகச் சொன்னார். பெண் பார்க்க வராததற்கும் அதுதான் காரணம். நிச்சயதார்த்தம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தபோது, இவர்கள் போய்ச் சேருவதற்குள் அவர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இவர்கள் கிளம்பும்வரை எழவில்லை. வேலையே குறியான மனுஷன், நமக்கேற்ற சம்பந்தி என்று உமாபதி வழியெல்லாம் புகழ்ந்துகொண்டு வந்தார்.

கல்யாணம் ஆவணியில். ஆடி அமாவாசையன்று அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, அச்சுக்குக் கொடுக்க வேண்டிய பத்திரிகையில் அவர்கள் பக்கத்துப் பெயர்களைச் சரிபார்க்கலாம் என்று சைக்கிளில் கிளம்பினார். தெருவுக்குள் நுழையும்போதே ஏதோ வித்தியாசமாக இருந்தது. தறிச் சத்தம் இல்லை. சர்வதீர்த்தக் குளத்தில் முழுகிப் பெரியவர்களுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு ஆண்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வந்தவர் வயதானவர். ஈர வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டியிருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் சொம்பு. இடது கால் முழங்காலுக்குக் கீழே உரல் மாதிரி இருந்தது. உமாபதி சைக்கிளிலிருந்து இறங்கினார். எங்கிருந்தோ குளத்துக்கு வந்தவராக இருக்கும் என்று நினைத்தார். அந்தக் கிழவர் மூன்றாவது வீட்டுப் படியேறி, "தண்ணி குடும்மா" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

அடுத்து வந்தவர்கள் அண்ணன் தம்பிகள் போலிருந்தார்கள். தம்பிக்கு வலது கால். அவர்களுக்குப் பின்னால் வந்தவருக்கு இரண்டு காலும். அதற்கடுத்து வந்த இளைஞனின் புறங்கால் மட்டும் உப்பி, தோல் இழுபட்டுப் பளபளவென்று இருந்தது. ஒவ்வொருவரும் வந்து, இந்தத் தெருவிலேயே, ஒவ்வொரு வீட்டுக்குள் நுழைந்தார்கள். சிலர் முகம் உமாபதிக்கு நன்றாகத் தெரியும். கூடத்துத் தறியில் உட்கார்ந்தபடி அவருக்குக் கும்பிடு போட்டவர்கள். முகம்தான் தெரியும். தெருப் பெயர்ப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். நடுப்பாவடித் தெருதான்.

"சம்மந்தி, என்னா வெயில்ல நின்னுக்கினு இருக்கீங்க? உள்ள வாங்க."

மகன் தோளைப் பிடித்துக்கொண்டு மாணிக்கவாசகம் வந்துகொண்டிருந்தார். ஈர வேட்டி காலோடு ஒட்டியிருந்தது. அந்தக் காலை உமாபதி பார்த்தார். தான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டதையும் பார்த்தார். பக்கத்தில் கலியாணசுந்தரம் தரையைப் பார்த்தபடி நின்றான்.

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். மோர் கொண்டுவந்து வைத்தார்கள். உமாபதி அதைத் தொடாமலே கேட்டார். "எத்தினி வருஷமா?"

"ஆச்சுது, பத்து வருஷத்துக்கு மேல. மொதல்ல ஜொரம் வரும், தொடையில நெறி கட்டும், போயிடும். அப்பறம் ஒரு வாட்டி வீங்கினது வத்தவே இல்ல."

"எங்க பசங்க வந்து கேட்டாங்களே. ஏன் சொல்லலை?"

மாணிக்கவாசகம் வெட்கப்படவில்லை. சாவகாசமாகவே சொன்னார். "மொத வாட்டி வந்தப்ப எங்க தெருவுல நாலஞ்சு பேரு உள்ளதைச் சொன்னாங்கபா. அப்பறம் என்னா ஆச்சுது? பொண்ணு பாக்க வர்றவன் தெரு பேரைக் கேட்டுட்டுத் திரும்பிப் போறான். யாரோ ஆபீஸ்காரர் படம் போட்டு வெச்சிக்கினு, இந்தத் தெரு வாணாம், அந்தத் தெரு வாணாம்னு சொல்றாராம். அது நீங்கதான்னு அப்ப எனக்குத் தெரியாது. அதுலேர்ந்து உங்க ஆளுங்க தெருமுனையில வர்றாங்கன்னு தெரிஞ்சா, நெய்யறவன் நெய்யாதவன் எல்லாரும் தறிக்குழியில எறங்கிடுவோம். எதிர்வீட்டுக்காரரு மளிகைக் கடை வெச்சிருக்காரு. தறியில எது முன்னாடி எது பின்னாடின்னு தெரியாது அவருக்கு. அவரும் தம்பி தறியில எறங்கி உக்காந்துக்குவாரு. உங்க பசங்க யாரையும் எழுப்ப மாட்டாங்க. நல்ல பசங்க."

அந்த 'நல்ல பசங்க' உமாபதியை அறைந்த மாதிரி இருந்தது. பத்திரிகையைப் பற்றி ஒன்றும் பேசாமல் எழுந்து வந்துவிட்டார். சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார். வர வர வெளுத்தது நோய் இல்லை. மறைத்தவர்கள் கூடினார்கள், படம் வெளுத்தது. அதற்குத்தான் தோளில் தட்டினார்கள், அதற்குத்தான் ஜிலேபி.

வழியில் நடுப்பாவடித் தெருவுக்குப் பின்னால் இருக்கும் வண்டிக்காரர் சந்து வந்தது. மூட்டை தூக்குகிறவர்களும் வண்டி இழுக்கிறவர்களும் குடியிருக்கும் சின்னச் சந்து. அவர்களுக்கு இறங்கி உட்காரக் குழி இல்லை. கேட்டபோது நின்றபடியே காலைக் காட்டினார்கள். மூன்று கணக்கெடுப்பிலும் அந்தச் சந்து எகிறித்தான் வந்தது. சுற்றிலும் வெள்ளையாக இருக்கிறதே, இது தற்செயல் என்று மூன்று தடவையும் சுற்றுத் தெருக்களோடு கலந்து ரோஜாவாக ஆக்கியவர் அவர்தான். கொசு அந்தச் சந்தில் கடித்துவிட்டு, அடுத்த தெரு வெள்ளை என்று திரும்பிப் போய்விடுமா? இதை ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். அவர் அலுவலகத்திலேயே ரத்தப் பரிசோதனை செய்யும் தேவசகாயத்தின் வீடு அந்தச் சந்தில் இருந்தது. தேவசகாயத்தின் அம்மாவுக்கு இரண்டு காலும் வீக்கம். உமாபதி அந்தப் பக்கம் திரும்பாமல் வேகமாக நடந்தார்.

வீட்டில் பெரியநாயகி கேட்டுவிட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "நிறுத்திடலாங்க" என்றாள். தேவகி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்ரைட்டிங்கும் பாஸ் செய்தவள். அப்பாவின் படத்துக்கு எத்தனையோ தடவை தெருப் பெயர்களை டைப் அடித்துக் கொடுத்திருக்கிறாள்.

"அவங்கப்பாவுக்கு இருந்தா அவருக்கும் வரணும்னு இருக்குதாப்பா?" என்று கேட்டாள்.

"கொசு கடிச்சு வர்றதும்மா. பரம்பரை இல்லை. ஆனா ஒரே வீடு, ஒரே கொசு."

"அப்ப ரத்தம் பாத்துடுங்க. ஊருக்கெல்லாம் தெரு பேரைச் சொன்னீங்க. எனக்காவது ஆளைப் பாத்துச் சொல்லுங்க."

கொசு உடம்பில் ஏற்றிவிடுகிற யானைக்கால் புழு ராத்திரியில்தான் தோலுக்கடியில் ரத்தத்தில் வரும்; அப்போதுதான் விரல் நுனியில் குத்தி எடுக்க வேண்டும். மாணிக்கவாசகம் மறுக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லியனுப்பினார். பையன் ரத்தம் கொடுக்கட்டும், பெண்ணும் கொடுக்கட்டும், அதுதானே நியாயம். உமாபதிக்கு அதில் ஆட்சேபம் இல்லை. சின்ன காஞ்சிபுரத்தில் அவர் குடியிருந்த தெருவும் வெள்ளைதான். தேவகி ஒரு நாள் ஜுரம் என்று படுத்தவள் இல்லை. ராத்திரி தேவசகாயமே இரண்டு வீட்டுக்கும் போய் ரத்தம் எடுத்தார்.

மறுநாள் காலை உமாபதி அலுவலகத்துக்குள் நுழைந்தபோது தேவசகாயம் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"பையனுக்கு ஒண்ணும் இல்ல சார். சுத்தமா இருக்குது."

உமாபதிக்கு உயிர் வந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தேவசகாயம் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடிச் சில்லை மாற்றி வைத்தார்.

"இதைக் கொஞ்சம் பாருங்க சார்."

உமாபதி குனிந்து பார்த்தார். சாயம் ஏறிய ரத்தத்துக்கு நடுவில், நீல நூல் துண்டு ஒன்று வளைந்து கிடந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. "யாரோடது?" என்று கேட்டார். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. அறையில் இரண்டு பேருடைய ரத்தம்தான் இருந்தது.

"நம்பர் மாறியிருக்கும்."

"நானே போட்டேன் சார். வேணும்னா மறுபடி எடுத்துப் பாத்துடலாம்."

மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் இருந்தது. உமாபதி அதை வீட்டில் சொன்னபோது தேவகி அழவில்லை. கூடத்து நடுவில் நின்று, புடவையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்து, இரண்டு பாதங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். மெல்லிய, எலும்பு தெரிகிற பாதங்கள். "எனக்கு ஒண்ணும் பண்ணவே இல்லியேப்பா" என்றாள். பெரியநாயகிதான் வாயில் புடவையை அடைத்துக்கொண்டு உள்ளே போனாள். உமாபதி மாத்திரையைப் பற்றிச் சொன்னார். இப்போதே சாப்பிட்டால் புழு செத்துவிடும், காலுக்கு வீக்கம் வராது என்றார். அது உண்மைதான். ஆனால் சொன்ன குரல் அவருடையது மாதிரியே இல்லை.

யாருக்கும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. அன்று ராத்திரி முழுவதும் தோன்றிக்கொண்டேதான் இருந்தது. தேவசகாயம் வாயைத் திறக்க மாட்டார். மாத்திரையை ரகசியமாகக் கொடுத்துவிட்டால் ஆவணிக்குள் பாதி குணமாகிவிடும். சம்பந்தி வீட்டில் கேட்டால் ஒரு 'இல்லை' போதும். அந்தத் தெருவில் அத்தனை பேரும் எப்படி அவ்வளவு சுலபமாக அந்த வார்த்தையைச் சொன்னார்கள் என்று அவருக்கு முந்தைய நாள் வரை புரியவில்லை. இப்போது தன் நாக்கிலேயே அது தயாராக இருப்பதைக் கண்டு பயந்துபோனார். இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால் அந்தப் பொய்யைச் சொல்லிவிடுவோம் என்றுதான் விடிந்ததும் சைக்கிளை எடுத்தார்.

மாணிக்கவாசகம் தறியில் இருந்தார். கூறைப்புடவை முக்கால்வாசி ஆகியிருந்தது. உமாபதி நின்றபடியே சொல்லிமுடித்தார். பெண்ணுக்கு இருக்கிறது, பையனுக்கு இல்லை, மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும், இனிமேல் உங்கள் இஷ்டம். இழைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்த நாடா நின்றது.

"மாத்திரை சாப்ட்டா போயிடுமா?"

"இந்த நிலைமையில கண்டிப்பா போயிடும்."

"அப்பறம் என்னா சம்மந்தி? குடுங்க. என் காலைப் பாத்துக்கினே நீங்க பொண்ணு குடுக்கறேன்றீங்க. நான் வாணாம்னு சொல்றதா?" கொஞ்சம் சிரித்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல் கேட்டார். "இந்த மாத்திரை எப்பத்துலேர்ந்து இருக்குது?"

"ரொம்ப வருஷமாவே இருக்குது. மொத படம் போட்டதிலேர்ந்து குடுத்துக்கினு வர்றோம்."

"யாருக்குக் குடுத்தீங்க?"

"சிவப்பா இருக்கிற தெருவுக்கு."

"எங்க தெருவுக்கு ஏன் வரல?"

"உங்க தெரு வெள்ளை."

மாணிக்கவாசகம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் முகத்தில் அதுவரை இருந்த சாவகாசம் மெல்ல மெல்ல வடிந்து போனதை உமாபதி நின்று பார்க்க வேண்டியிருந்தது. ஜுரமும் நெறியுமாக இருந்த காலத்தில் அந்த மாத்திரை இரண்டு தெரு தள்ளிக் கொடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. படத்தில் தெரு கெட்ட பெயர் வாங்கக் கூடாது என்று அவர் குழிக்குள் இருந்தார்.

"இப்ப சாப்ட்டா இந்தக் கால் போவுமா?"

"வீக்கம் இவ்வளவு ஆனப்புறம் போவாது." இதிலாவது பொய் சொல்லக் கூடாது என்று உமாபதி நினைத்தார்.

மாணிக்கவாசகம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதைத் தெருவுல சொல்லிடாதீங்க. கல்யாணம் ஆவட்டும். கேட்டா அவங்க தாங்க மாட்டாங்க. உங்களையும் சும்மா விட மாட்டாங்க, என்னையும் விட மாட்டாங்க. உங்க பொண்ணு இந்தத் தெருவுலதான் வந்து வாழணும்."

உமாபதி தலையாட்டினார். ஒத்துக்கொண்டுதான் வெளியே வந்தார். தெருவில் சின்னப் பிள்ளைகள் சாக்கடையோரம் கோலி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கால் எல்லாம் இன்னும் சரியாக இருந்தது. அதற்கு மேல் அவரால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. ஆவணி முடிகிறவரை சொல்லாமல் இருந்தால், அதற்குள் எத்தனை கால் வீங்கும் என்பதும் ஒரு கணக்குத்தான். அதையும் அவர்தான் போட்டதாக ஆகும்.

அன்று சாயங்காலமே தெருவிலுள்ள பிள்ளையார் கோயிலில் தெருக்காரர்களைக் கூட்டி அவர் எல்லாவற்றையும் சொன்னார். படம், நிறம், மாத்திரை, எண்ணெய், தன் வீட்டு வாசலில் சொன்ன பதில்கள், எல்லாவற்றையும். தன் மகள் ரத்தத்தில் புழு இருப்பதையும் சொன்னார். யாராவது கை ஓங்குவார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் ஓங்கவில்லை. மாணிக்கவாசகத்தின் பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் மட்டும், "முத்திப்போனா மாத்திரைக்கு அடங்காதா?" என்று ஒரு தடவை கேட்டாள். அடங்காது என்றார். ஒருவரையொருவர் பார்க்காமல் எழுந்து போனார்கள். உரல் மாதிரி கால் உள்ள அந்தக் கிழவர் படியிறங்கி முடிக்க நேரமாயிற்று. உமாபதி கைகொடுக்கப் போனார். கிழவர் அந்தக் கையை உதறிவிட்டார்.

மேலதிகாரி புதுக் கணக்கெடுப்பு வரும்வரை படத்தைத் தொட முடியாது என்றார். உமாபதி டாக்டரிடம் அளவு எழுதி வாங்கிக்கொண்டு, மாத்திரைப் பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் ஒவ்வொரு வாசலாக நின்றார். கதவு திறக்கவில்லை. உள்ளே தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் சந்தில் எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். தேவசகாயம் தன் அம்மாவுக்கு வாங்கவில்லை, பிள்ளைகளுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று உமாபதிக்குத் தெரியும்.

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. தேவகி வேண்டாம் என்று சொல்லவில்லை, கலியாணசுந்தரமும் சொல்லவில்லை. மாணிக்கவாசகம் அந்தக் காலோடு தெருவில் வீடு வீடாகப் படியேறி அழைத்துவிட்டு வந்திருந்தார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு போனாராம். தாலி கட்டி, பந்திக்கு இலை போட்டார்கள். உமாபதியின் உறவுக்காரர்கள் ஒரு வரிசையில் உட்கார்ந்தார்கள். எதிர் வரிசை நடுப்பாவடித் தெருக்காரர்களுக்கு. அந்த வரிசையில் தண்ணீர் தெளித்த இலைகள் மட்டும் கிடந்தன. பெரியநாயகி பரிமாறுகிறவர்களை இரண்டு தடவை நிறுத்திவைத்துப் பார்த்தாள். மூன்றாவது தடவை அவளே, "ஆறிப்போவுது, போடுங்க" என்றாள்.

அப்போதுதான் வாசலில் ரேணுகாம்பாள் தெரிந்தாள். பக்கத்தில் அவள் மகன், மீசை அரும்புகிற வயசு. உமாபதி ஓடாத குறையாகப் போனார். "வாம்மா, வா, உக்காந்து சாப்பிடு" என்று கையைக் கூப்பினார்.

"சாப்பிட வரல சார். இவனுக்கு மூணு வருஷமா ஜொரம் வந்து வந்து நெறி கட்டிக்கினு இருக்குது. மாத்திரை வெச்சிருக்கீங்களா?"

கல்யாண வீட்டிலும் பை அவர் தோளில்தான் இருந்தது. மாத்திரைகளை எண்ணிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பையனை நிற்கவைத்து, குனிந்து, இரண்டு காலையும் பார்த்தார். இடது கணுக்காலில் விரலை அழுத்தினார். அழுத்திய இடத்தில் பள்ளம் விழுந்து, மேலே எழாமல் அப்படியே நின்றது. அவர் நிமிரவில்லை.

"மூணு வருஷம் முந்தி இதை நான் யாரைக் கேட்டிருக்கணும்?" என்றாள் ரேணுகாம்பாள்.

"என்னைத்தாம்மா."

"அப்ப நான் உங்க வீட்டுக்கு வந்தேன் சார். பெரிய பொண்ணு சம்பந்தமா ஒரு தெரு பேரைச் சொல்லிக் கேட்டேன். வேற இடம் பாருன்னீங்க. காபி குடுத்தீங்க."

அவருக்கு அந்த முகம் நினைவில் இல்லை. அவள் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். மணமேடையில் கழுத்தில் புதுத் தாலியோடு உட்கார்ந்திருந்த தேவகியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இந்தப் பொண்ணு எங்க பக்கத்து வீட்டுக்குத்தான வருது" என்று தனக்குள் சொல்லிக்கொண்ட மாதிரி சொன்னாள். பிறகு மகனைக் கூட்டிக்கொண்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.